பத்து பி, இயற்பியல் குழு

வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர்.
குழுவில் முப்பத்தோரு எண்கள்.
மீதி ஏழு பேர்
அடுத்த வீட்டுத் திரையை எட்டிப் பார்த்துப்
படித்துக்கொள்கிறார்கள்.

முகப்புப் படங்களில் ஒரு பிள்ளையும் இல்லை.
ஒரு பிள்ளையார், ஒரு மக்கா,
கல்யாணக் கோலத்தில் யாருடைய சித்தியோ,
நான்கு ரோஜா,
நம்பர் பிளேட் தெரிய ஒரு லாரி.

அந்த லாரிதான் அபினேஷ்.
பதிவேட்டில் இருப்பது அவன் அப்பாவின் எண்.
வீட்டுக்கு அந்த ஒரு போன்தான்.
புதுவயல் ஆலையில் மூட்டை ஏற்றிக்கொண்டு
வாரத்தில் ஐந்து நாள் அது குமுளி ஏறுகிறது.
வீட்டுப்பாடமும் கூடவே ஏறுகிறது.
சனிக்கிழமை இறங்கி வரும்போது
அபினேஷ் அறுபது செய்திகளை
ஒரே மூச்சில் நோட்டில் இறக்குவான்.

ஐப்பசி மழையில் எட்டு நாள் விடுமுறை.
விட்டுப்போன பாடத்தை
இரவில் பேசிப் பேசி அனுப்பினேன்,
அடுப்படியில் நின்று, குக்கர் அடங்கிய பிறகு:
"புறவிசை ஒன்று செயல்படாத வரை
பொருள் தன் நிலையிலேயே இருக்கும்.
இதற்குப் பெயர் நிலைமம்.
எழுதிக்கொள்ளுங்கள்."

கட்டைவிரல்கள் வந்தன.
கும்பிட்ட கைகள் வந்தன.
இனிய இரவு என்று ஒரு நிலா வந்தது.
யாருடைய மாமாவோ
மூட்டுவலிக்கு மருந்து அனுப்பினார்.

மூன்றாம் நாள் இரவு ஒன்று இருபதுக்கு
லாரியிடமிருந்து ஒரு குரல்.
முதலில் இன்ஜின். அப்புறம் இருமல்.
"டீச்சர், அபினேஷ் அப்பா சேவுகமூர்த்தி பேசுறேன்.
நேரங்கெட்ட நேரம், தப்பா எடுத்துக்கிறாதீக.
பிரேக்க மிதிச்சா வண்டி நிக்கிது.
இருநூறு மூட்டையும் நிக்க மாட்டேங்கிது,
இன்னும் போகணுங்கிது.
நீங்க சொன்னது இதானே?
இருவது வருசமா முதுகுக்குத் தெரியும்.
பேருதான் தெரியாது."

நான்கு முறை கேட்டேன்.
அதோடு விட்டிருக்கலாம்.

மழை விட்டுப் பள்ளி திறந்த அன்று
ஸ்மார்ட் போர்டில் போட்டுக் காட்டினேன்,
ஒலியைக் கூட்டி, பெருமையாக.
'போகணுங்கிது' என்ற இடத்தில்
கடைசி வரிசை வெடித்துச் சிரித்தது.
சிரிப்பு நல்லதுதான் என்று நினைத்தேன்.
அபினேஷ் பேனா மூடியைக்
கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான்.

பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாதென்று
வாசலில் அறிவிப்பு இருக்கிறது.
யாரிடமோ போன் இருந்தது.
சாயங்காலம் சாக்கோட்டை பஸ்ஸில்
எனக்கு முன் இருக்கையில் அந்த இருமல் கேட்டது,
பின்னால் உருமி மேளம் சேர்த்து,
கீழே 'லாரி வாத்தியார்' என்று பெயர் போட்டு.
ஆயிரத்து இருநூறு இதயங்கள்.
நான் இறங்குவதற்குள்
இன்னும் நாற்பது கூடியிருந்தது.

போட்டவனைக் கண்டுபிடித்து அழிக்கச் சொன்னேன்.
அழித்தான்.
அதற்குள் காரைக்குடி, தேவகோட்டை,
துபாயில் இருக்கும் யாருடைய அண்ணன் வரைக்கும்
அது போய்க்கொண்டே இருந்தது.

இரண்டு நாள் அபினேஷ் வரவில்லை.
மன்னிப்பு கேட்டு அவன் அப்பாவுக்கு
ஏழு முறை எழுதி ஏழு முறை அழித்தேன்.
எட்டாவதை அனுப்பினேன்.
ஒற்றைக் குறி.
இரவு முழுக்க ஒற்றைக் குறி.

விடியற்காலை பதில் வந்தது.
"அது கிடக்கு விடுங்க டீச்சர்.
ஏலப்பாறையில ஒருத்தன் குரலை வச்சே கண்டுபிடிச்சு
கட்டஞ்சாயா வாங்கிக் குடுத்தான்.
உந்தமுன்னு ஒண்ணு ஆரம்பிச்சீகளே,
பாதியிலயே நின்னுபோச்சு.
லோயர்கேம்ப்புக்கு மேல டவர் இல்ல.
இன்னொருக்கா அனுப்புங்க."

அனுப்பினேன்.
குழுவில் இல்லை, அவருக்குத் தனியாக.
சனிக்கிழமை அதை அவர் மகனுக்குக் காட்டினாரா,
காட்டியபோது அவன் கேட்டானா, தெரியாது.

அரையாண்டுத் தேர்வு, பதினாறாவது கேள்வி:
நிலைமம் என்றால் என்ன?
உன் அன்றாட வாழ்விலிருந்து
ஓர் எடுத்துக்காட்டு தருக.

அபினேஷ் எழுதியிருந்தான்:
டம்ளர் மேல் அட்டை,
அட்டை மேல் நாணயம்,
அட்டையைச் சுண்டினால்
நாணயம் டம்ளருக்குள் விழும்.
புத்தகத்தில் உள்ளபடி,
எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாமல்.

இரண்டுக்கு இரண்டு போட்டேன்.
வேறென்ன போடுவது.