கைப்பிடி காட்டிய திசை

ஜூலை பாதி. கொய்யைக்கேயில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டு.
கொட்டகையில் இடுப்பளவு அடுக்கிய லெங்கா விறகு
முழங்காலுக்கு இறங்கிவிட்டது.
செப்டம்பர் வரை தாங்கும் என்று
தோன் ஃபிதெலிந்தோ சத்தியம் செய்து இறக்கிய விறகு.

அடுப்புக்கு ஆனைப்பசி.
ராத்திரி பத்துக்கு வாய் நிறையக் கொடுத்தால்
இரண்டுக்கு வெறும் சாம்பல்,
நாலுக்கு ஜன்னலின் உட்புறம் பனிப்பூ.
பகலிலோ ஒரே சோம்பல்.
ஊதி ஊதிக் கண் எரியும்,
மத்தேக்கு வைத்த தண்ணீர் சூடேறாது.

ஈர விறகு என்று ஆள் அனுப்பினேன். ஃபிதெலிந்தோ வந்தார்.
இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினார்.
கணீரென்றது.
"இதைவிடக் காய்ந்தால் பீரோ செய்யலாம், தோன்யா எர்சிரா."
மத்தே குடித்துவிட்டுப் போனார்.

கதவு கசிகிறதோ என்று
ஆயிரம் பெசோ நோட்டை இடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்தேன்.
வழுக்கிக்கொண்டு வந்தது,
கடன் வாங்கியவன் கை நழுவுவது மாதிரி.
பழைய கயிற்றைச் சுரண்டி எடுத்து
புதுக் கயிறு ஒட்டி, பசை காயும்வரை ஒரு நாள் முழுக்க
கோட்டும் தொப்பியுமாகச் சாப்பிட்டோம்.
அடுத்து வைத்த நோட்டு கிழிந்தது.
விறகு முன்போலவே போனது.

அப்புறம்தான் தம்பி மேல் சந்தேகம்.
எலியோதோரோவுக்குத் தூக்கம் வராது.
மூன்று மணிக்குப் பலகைத்தரை முனகும்.
ஒருநாள் படுக்கும்முன் சாக்கட்டி எடுத்து
ஒவ்வொரு கட்டையின் முனையிலும் எண் போட்டேன்.
முப்பத்தொன்பது வரை.
காலையில் முப்பத்தொன்பதும் இருந்தன.
நம்பவில்லை. மறுநாளும் எண்ணினேன்.

ஞாயிறன்று கரி தட்டுவதற்காக
புகைக்குழாயைக் கழற்றி முற்றத்துக்குக் கொண்டுபோனான்.
பனிமேல் கறுப்பாய்க் கொட்டியது.
குழாய் வழியே வானத்தைப் பார்த்தவன்
அப்படியே நின்றான்.
"அக்கா, கைப்பிடியைச் சாத்து."
குறுக்காகத் திருப்பினேன்.
"சாத்தச் சொன்னேன்."
"சாத்தித்தான் இருக்கு."
"வந்து பார்."
உள்ளே தகடு ஒற்றைக் கோடாக மெலிந்து நின்றது.
அதன் இருபுறமும் தாராளமாக வானம்.

எங்களுக்கு முன் குடியிருந்த எவனோ
கைப்பிடியை மாற்றி மாட்டியிருக்கிறான்.
மூன்று குளிர்காலம்
திறப்பதாக நினைத்து மூடி, பகலெல்லாம் இருமினோம்.
மூடுவதாக நினைத்துத் திறந்து,
இரவெல்லாம் மலைக்காற்றுக்கு வடித்துக் கொட்டினோம்.
அவன் பனியிலேயே உட்கார்ந்து சிரித்தான்,
மூக்கு நுனியில் கரியோடு.
நானும் சிரித்தேன். கொஞ்சம் தாமதமாக.

அன்றிரவு கைப்பிடியை நேராக்கி
ஒரு விரல் சாய்த்து விட்டேன்.
தப்பு, தப்பு என்றது கை.
அவன் கொட்டகையிலிருந்து ஒரு கட்டையோடு வந்தான்.
முனையை விளக்கில் பிடித்தான்.
"பதினேழு," என்றான். "என்ன இது?"

விறகுக்காரர் போட்டது என்று சொல்லியிருக்கலாம்.
வாய் வரவில்லை.
அவனும் மறுபடி கேட்கவில்லை.
எண் உட்பக்கம் போகும்படி வைத்துக்
கதவைச் சாத்தினான்.

காலையில் சாம்பலைக் கிளறினேன்.
அடியில் உள்ளங்கை அளவு கனல்,
பதினேழின் மிச்சம்.
மேலே வைக்கப் பதினெட்டைத் தேடி எடுத்து
கட்டைவிரலால் அழித்தேன்.
சாக்குப்பொடி ரேகைக்குள் இறங்கிவிட்டது,
மத்தேக் குடுவையை அவனிடம் நீட்டியபோது
அதிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.