மஞ்சள் பட்டை

ஒன்பதே முக்காலுக்கு
அப்பாவின் மணிக்கட்டில் மஞ்சள் பட்டை கட்டினார்கள்.
சிவப்பென்றால் உடனே.
மஞ்சளென்றால் இருக்க வேண்டும்.
பச்சைக்காரர்கள் வெளியே, வேப்பமரத்தடியில்,
பல்வலியோடும் பன்ரொட்டியோடும்.

"மஞ்சள்னா போலாம்ட்டி ரூபி,
ஆனா அடுத்த சிகப்புல நிக்கத்
தயாராப் போணும்"
என்றார், மூச்சுக்கு ஒரு சொல்லாக.
முப்பத்தோரு வருஷம்
செய்துங்கநல்லூர்ப் பக்கம் ரயில்வே கேட்டில் இருந்தவர்.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் அந்த ஸ்ட்ரெச்சருக்கு
மூன்று சக்கரம்தான் தரை தொட்டது.
நாலாவதற்கு என் செருப்பை அண்டக்கொடுத்தேன்.
வீங்கின காலில் நர்ஸ் பெருவிரலால் அழுத்திய குழி
அவள் அடுத்த ஆளிடம் போய்ச் சேர்ந்த பிறகும்
அங்கேயே கிடந்தது.

மஸ்கட்டிலிருந்து அரைமணிக்கொரு தரம் ஜெபசிங்.
"டாக்டர் பாத்தாச்சா?"
"ஈ.சி.ஜி. எடுத்தாச்சு."
"அதக் கேக்கல."
"தெரியும்."

பதினொன்றே காலுக்கு ஒண்ணுக்கு வருது என்றார்.
தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து கொடுத்து
முந்தானையை விரித்துப் பிடித்தேன்.
எதிர்ச் சுவரில் ஒரு மின்விசிறி சுற்றாமல் ஆடிக்கொண்டிருந்தது.
"பாக்கேல்ல?"
"பாக்கல."
அப்புறமும் வரவில்லை.
வந்தபோது என் கையிலும் கொஞ்சம் பட்டது,
சூடாக. நல்லது, இன்னும் சூடாக இருக்கிறது
என்றுதான் முதலில் தோன்றியது.

நடுச்சாமத்தில் கங்கைகொண்டான் பக்கமிருந்து
நாற்கரச் சாலையில் அடிபட்டவர்கள் வந்தார்கள்,
மூன்று சிவப்பு.
ஒருவனுக்கு வாட்ச் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
அப்பா கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.
வலது கையை நேரே நீட்டினார்.
மூன்றாவது ஸ்ட்ரெச்சர் கதவைத் தாண்டும்வரை
இறக்கவில்லை.
கடைசிப் பெட்டி போகுமட்டும்
விளக்கை இறக்கக் கூடாது.

ஒரு மணிக்கு நான் போய்க் கத்தினேன்.
டாக்டர் பையனுக்கு என் மகன் வயசுகூட இராது.
"தெரியும்மா" என்றான்.
அந்த ஒரு சொல்லுக்கு மேல் கத்த முடியவில்லை.

"சண்ட போட்டியாக்கும்?
நம்பர் வராமத் தொறக்க முடியாதுட்டி.
அந்தப் பிள்ள என்ன செய்யும்?"

வீட்டில் ஒரு சட்டை உண்டு.
காக்கியில் நாலு பித்தளைப் பொத்தான், ஒரு வெள்ளைப் பொத்தான்.
வெள்ளை, அம்மா தைத்தது.
கேட்டைத் திறக்கச் சொல்லி எவனோ சட்டையைப் பிடித்தான்,
அப்பா அசையவில்லை.
கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் சொல்லிச் சிரிப்போம்.

"கருங்குளத்து வேன் அது" என்றார் இன்றைக்கு.
"உள்ள ஒரு பையன். பாம்பு கடிச்சிருந்து.
ஸ்டேஷன்ல நம்பர் தரல்ல.
கூட்ஸ் வண்டி லேட்டு.
பதினோரு நிமிஷம்."

"பொறவு?"

"தொறந்தேன். போனாவ."

"அந்தப் பையன்?"

சொட்டு மருந்துக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அதில் இன்னும் எதையும் மாட்டவில்லை.

"கேக்கல.
கேக்கணும்னு அப்பத் தோணல."

ஜெபசிங் கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை.

வெளியே பச்சைக்காரர்கள் ஒவ்வொருவராக
வீட்டுக்குப் போய்விட்டார்கள் போல,
மரத்தடியில் நாய் மட்டும்.
பக்கத்து ஸ்ட்ரெச்சர் பாட்டையா
வள்ளியூர் பஸ் எத்தனை மணிக்கு என்று
எல்லாரிடமும் கேட்டார்.
யாரும் தெரியாது என்று சொல்லவில்லை,
ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள்.

மூன்றரைக்கு ஒரு குரல்:
"வேதமாணிக்கம்! வேதமாணிக்கம் யாரு?"

கண் திறக்காமல்
டெலிபோனில் பேசுகிற அந்தக் குரலில்,
நான் சின்னப் பிள்ளையில்
கட்டிலுக்கடியில் படுத்துக் கேட்ட குரலில்,
அப்பா சொன்னார்:
"கேட்டு பூட்டியாச்சு, சார்."

வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.
நாலாவது சக்கரம் காற்றில் சுற்றியது.
என் செருப்பு அங்கேயே கிடந்தது.
அதை எடுக்கக் குனிந்த நேரத்தில்
கதவு மூடிவிட்டது.