ஏழாவது சீட்டு

பதிவு செய்யாத சங்கம் எங்களுடையது.
முத்திரை இல்லை, பெயர்ப்பலகை இல்லை.
ரூவியில், ஹோண்டா ரோட்டுக்குப் பின்சந்தில்
ஒரு டைப்பிங் சென்டரின் மாடி.
வியாழன் இரவு ஒன்பதுக்கு மேல்
லேமினேஷன் சூடு இன்னும் ஆறாத அறை.

குறிப்பெழுதுவது என் பொறுப்பு.
பகலில் எனக்கு வேறு வேலை:
கடல்நீரை வடிகட்டும் சவ்வுகளைக்
கிழியும்வரை அழுத்திப் பார்ப்பது.

சீட்டு போலத்தான் இதுவும்.
பத்துப் பேர், பத்து மாதம்.
பணத்துக்குப் பதில் கண்களைக் கட்டுகிறோம்.
மாதம் ஒருவருடைய தன்விவரத்தை
மற்ற ஒன்பது பேரும் பென்சிலோடு படிப்பது,
பிறகு நடு நாற்காலியில் உட்காரவைத்து
நேர்காணல் நடத்துவது.

சஃபியாவின் தாளில்
‘உதவினேன்’ என்று பதினொரு இடத்தில் இருந்தது.
ஒன்பதை அடித்துச் ‘செய்தேன்’ என்று மாற்றினோம்.
மீதி இரண்டை அவள் விட்டுத்தரவில்லை.
“அது நெசமாவே உதவிதான்.”

கார்மேகத்துக்குச் சம்பளம் என்ற சொல் வந்தாலே
குரல் இறங்கிவிடும்.
மூன்று வாரம் அதை மட்டும் சொல்லவைத்தோம்.

ஆறு வருஷ இடைவெளியை எங்கே வைப்பது என்று
வவுனியா சிவதர்ஷினி கேட்டபோது
ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
ரெஜினாள்தான் வாய் திறந்தாள்:
“வருஷத்தப் போட்டுரு. காரணத்த அவங்க கேக்கட்டும்.
கேக்காட்டி, நீயா அங்க போவாத.”

ரெஜினாள் தூத்துக்குடி.
பவளத்தை எண்ணுகிறவள். சங்கத்தைத் தொடங்கியவள்.
எங்கள் எல்லாரையும் ஒரே கேள்வியில் மடக்குவாள்:
ஐந்து வருஷம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?
இரண்டு வருஷ ரெசிடென்ட் கார்டைப்
பர்ஸில் வைத்துக்கொண்டு என்ன சொல்ல?
மஸ்கட்டில், என்றேன் ஒருமுறை.
“நான் முகவரி கேக்கல.”

நான்காம் சுற்றில் ஏழாவது சீட்டு என் பேரில் விழுந்தது.
படியேறி வந்தவள் மூச்சு வாங்கவில்லை,
“இத எனக்குத் தள்ளித் தாறியா?
ஒப்பந்தம் புதுப்பிக்கல. மார்ச்சோட சரி.”

கழிவு எவ்வளவு, என்று கேட்டேன்.
வேறு மொழி அப்போது வாயில் வரவில்லை.
“உன் ஆய்வுத் திட்டத்த ரெண்டு தடவ படிக்கேன்.”

பத்துப் பக்கம்.
எங்களிடம் அவள் தேடிப்பிடிக்கும் பிழை
ஒன்றுகூட அதில் இல்லை.
எங்களில் எவரும் இல்லை.
நான்கு வருஷ வியாழக்கிழமைகளுக்கு
ஒரு தலைப்பு, ஒரு வரி இல்லை.

“பதிவில்லாத சங்கத்த எந்தத் தலைப்புல எழுத?”

சிவதர்ஷினி பென்சிலை எடுத்து ஓரத்தில்
எங்கள் பெயர்களை எழுதத் தொடங்கினாள்.
என் பெயரில் ஒரு எழுத்து தப்பு.
திருத்தவில்லை நான்.

கார்மேகம் நடத்தினான் நேர்காணலை.
சம்பளத்தைத் தெளிவாகக் கேட்டான்.
பிறகு, தரையைப் பார்த்தபடி,
அந்தக் கேள்வியை.

ரெஜினாள் கண்ணாடியைக் கழற்றினாள்.
பந்தர் கைரானில், நான்கு மீட்டர் ஆழத்தில்,
இருநூற்றுப் பத்துத் துண்டுகளைப்
பாறையில் ஒட்டிவைத்திருப்பதாகச் சொன்னாள்.
சிவப்பு அலை வந்த வருஷம் எழுபது போயிற்று.
மிச்சம் ஒவ்வொன்றும் இப்போது சுண்டுவிரல் உயரம்.
ஐந்து வருஷத்தில் அவற்றில் சில
இட்லித் தட்டு அகலம் ஆகும்,
மீன் வந்து ஒளியும் அளவு.
யாராவது இறங்கி எண்ணிக்கொண்டிருப்பார்கள்.
நூற்று நாற்பதில் ஆரம்பிக்கச் சொல்லி
ஒரு தாள் எழுதி டேங்க் அறையில் ஒட்டியிருக்கிறாள்.
அவள் எங்கே என்பதைக்
கடைசிவரை சொல்லவே இல்லை.

கீழே ஷட்டர் இறக்க ஹம்சா பாய்
சாவியை ஆட்டிக் காட்டினார்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
ஐந்தாவது கேள்வி. விடை மூன்று நிமிடம்.
நீளம். சுருக்க வேண்டும்.

எந்த வரியை என்று
ஒருவரும் சொல்லவில்லை.