அரை மாத்திரை

டோர்வலில், நெடுஞ்சாலை ஓரத்துக் கட்டடம்.
அதிகாலை மூன்றேகால்.
மனிவாக்கியில் விட்ட பலூன்
நேற்றிரவு எட்டுக்கே வெடித்து
ஏதோ காட்டில் விழுந்துவிட்டது.
அது சொல்லிவிட்டுப் போன எண்கள்
என் திரையில் இன்னும் விழித்திருக்கின்றன:
தரையில் கழித்தல் மூன்று.
ஆயிரத்து இருநூறு மீட்டரில் கூட்டல் ஒன்று,
அல்லது ஒன்றரை.
கருவி அவ்வளவுதான் சொல்லும்.

ஒன்று என்றால்
பனித்துகள் அரைகுறையாய் உருகி
கீழே வரும்வழியில் மறுபடி இறுகி
அரிசி கொட்டியதுபோல் கூரையில் தெறிக்கும்.
பெருக்கித் தள்ளிவிடலாம்.
ஒன்றரை என்றால்
முழுதும் நீராகி,
உறைய நேரமில்லாமல் வந்து
தொட்ட இடத்தில் கண்ணாடியாகும்.
பாலத்தில். மின்கம்பியில்.
பள்ளிப் பேருந்தின் முதல் படியில்.

இந்த அரையைத்தான்
இருபத்தாறு வருடமாகப் படிக்கிறேன்.

மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை
என்று ஒன்பது வயதில் ஒப்பித்திருக்கிறேன்.
மெய்க்கும் ஆயுள் அவ்வளவுதான்
என்று தெரிந்துகொள்ள
இவ்வளவு வடக்கே வரவேண்டியிருந்தது.

என் முதல் மாதிரியில்
செயின்ட் லாரன்ஸ் பள்ளத்தாக்கே கிடையாது.
இருபத்துநான்கு கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி;
நதி, கரை, மலை எல்லாம்
தட்டிப் பரத்திய ஒரே மாவு.
ஆற்றைப் பிடித்துக்கொண்டு
தரையோடு ஊர்ந்து வரும் வாடைக்கு
என் கணக்கில் நுழைய வாசல் இல்லை.
ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார்கள்.
வாடை ஏற்றுக்கொள்ளவில்லை.

இரண்டாயிரத்து ஏழு, டிசம்பர்.
"மழை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
சொரெல் பக்கம் ஒரு பால்பண்ணையில்
பனிக்கட்டியின் பாரத்தில்
கொட்டகைக் கூரை இறங்கியது.
முப்பத்தொரு மாடுகள்.
பண்ணைக்காரர் தொலைபேசியில் வந்தார்.
திட்டுவார் என்று காத்திருந்தேன்.
ஒன்றே ஒன்று கேட்டார்:
"உங்களுக்கு எத்தனை மணிக்குத் தெரிந்தது, மேடம்?"

வானம் பொய்த்தது என்பது நம் வழக்கு.
என் அனுபவத்தில்
வானம் ஒருநாளும் பொய்த்ததில்லை.

அந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதத்தான்
அடுத்த பதினோரு வருடம் போனது.
கட்டத்தைச் சிறிதாக்கி, நதியைத் தோண்டி எடுத்து,
தெரிந்தே கொஞ்சம் கொஞ்சம் தவறாகத் தொடங்கும்
இருபது வானங்களை
ஒரே இரவில் ஓடவிட்டோம்.
எது நம் வானம் என்று யாருக்கும் தெரியாது.
எத்தனை பேர் ஒத்துப்போகிறார்கள்
என்று எண்ணுவதுதான் வேலை.

இடையில்,
காற்றழுத்தம் படித்தவளுக்கு இரத்த அழுத்தம் வந்தது.
டாக்டர் எழுதித் தந்ததும்
அரை மாத்திரைதான்.
பக்கத்து இருக்கை கிஸ்லேனுக்கு
இதில் என்ன சிரிப்பு என்று
பிரெஞ்சில் சொல்ல முயன்று தோற்றேன்.

இன்றிரவு இருபதில் பதின்மூன்று
கண்ணாடி என்கின்றன.
ஏழு, அரிசி என்கின்றன.
ஏழும் முட்டாள்கள் அல்ல.
போன மார்ச்சில் அந்த ஏழு பக்கம்தான் சரி.
மூன்று நாற்பதுக்கு எச்சரிக்கை எழுதினேன்.
ஐந்துக்குள் பள்ளிகள் மூடின.
ஆறேகாலுக்கு ஜன்னலில் முதல் துளி விழுந்து
வழியாமல் நின்றது.

பத்து மணிக்கு நின்றும்விட்டது.
வழுக்கி விழாத முழங்கால்களுக்கு
எங்கள் அட்டவணையில் பத்தி கிடையாது.
கவிழாத பேருந்துக்கும் கிடையாது.
சரி, பிழை, வீண் எச்சரிக்கை,
இவ்வளவுதான் பெட்டிகள்.

லாஷீனில் என் வீட்டு வாசலில்
பக்கத்துவீட்டு பூலியோ
கார்க் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.
"நாலு மணிநேரத்துக்கா
ஊரை இழுத்து மூடினீர்கள்?"
என்றார், கோபமில்லாமல்.
என் வாளியிலிருந்து உப்பு அள்ளி
அவர் படியிலும் வீசினேன்.
அது நொறுங்கும் சத்தம்
இருவரும் சிறிது நேரம் கேட்டோம்.

"நாளைக்கு?" என்றார்.

அறுபது சதவீதம் என்றேன்.

எது அறுபது என்று
அவர் கேட்கவில்லை.