நான்காம் அறை, வடக்குச் சுவர்

ஒன்பது வருடமாக
என் காவல் நாற்காலிக்கு எதிரே
இறங்கிக்கொண்டே இருக்கிறாள் நிலாத்தேவி.
பாறையில் இடையன், விழிக்காத உறக்கம்.
அவன் விழித்தால் கதை இல்லை.

சுவர்க்குறிப்பில் மூன்றே வரி.
ஓட்டோ க்ரீன்ஹோஃப், ரீகா.
ஓபராவில் மூன்று இரவுகள் கண்டு தீட்டியது.
எந்த ஓபரா, பாடியது யார்
என்று எழுத ஆளில்லை.
பாட்டு போய்விட்டது
வாய் மட்டும் திறந்திருக்கிறது.

நீட்டிய அந்த வலக்கையை
இறைஞ்சல் என்றார் டார்ட்டு நகரப் பேராசிரியர்.
கூட வந்த மாணவி முணுமுணுத்தாள்:
தூங்குகிறவனிடம் யார் கேட்டார்கள் சம்மதம்?
பள்ளிப் பிள்ளைகள் ஆடுகளை எண்ணினார்கள்.
பதினொன்று.
ஒரு கிழவர் காதுக்கருவியைக் கழற்றி
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
வெகுநேரம் நின்றார்.
நான் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில்
ஜன்னல் சட்டம் சரிபார்க்க வந்தார் அல்வில்ஸ்.
முப்பது வருடம் ஓபரா மாளிகையில்
மேடைக்கு மேலே கயிற்றோடு கிடந்தவர்.
உளியைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"வெல்டா, இவள் பறக்கவில்லை, தொங்குகிறாள்.
இடுப்பைப் பார்,
விலா எலும்புக்கு இரண்டு விரல் கீழே
துணி எப்படிச் சுருங்கியிருக்கிறது.
உள்ளே தோல்வார்.
நிலா வெளிச்சமா இது? நிலா எங்கே
தாடைக்கு அடியிலிருந்து அடிக்கும்?
அந்தக் கை இருக்கிறதே,
அது அவனுக்கே இல்லை.
மெல்ல விடு, மெல்ல விடு என்கிற கை.
நான் ஆயிரம் தடவை பார்த்தது."

பிறகு இடையனைக் காட்டிச் சிரித்தார்.
உறங்குகிறவனின் இடக்கை
பாறையை இறுகப் பிடித்திருந்தது.
எண்பது கிலோ தெய்வம்
தலைமேல் ஆடும்போது
யாருக்கு வரும் தூக்கம்.

ஒன்பது வருடம்.
நான் அதைக் காதல் என்று
வந்தவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறேன்.
இப்போதும் இல்லை என்று சொல்லமாட்டேன்.
கண்ணை மூடிக்கொண்டு
அவள் விழுந்தாலும் கீழே கிடப்பது
வேறென்ன?

ஆனால் அவள் பார்வை
அவன்மேல் இல்லை.
சட்டத்துக்கு வெளியே,
திரைக்குப் பின்னால்
கயிறு பிடித்தவனைப் பார்க்கிறாள்.
முகம் தெரியாத அவன் அருகில்தான்
க்ரீன்ஹோஃப் நின்றிருக்க வேண்டும்.
அந்த இடத்தில் இப்போது
என் நாற்காலி.

ஆறு மணிக்கு விளக்கணைப்பது என் வேலை.
முன்பெல்லாம் ஒரே தட்டு, ஆறு பொத்தானும்.
இப்போது மேலிருந்து ஒவ்வொன்றாக.
கடைசிப் பொத்தானில் விரல் வைத்து
அவள் கால் பாறையைத் தொட்டுவிட்டதா என்று
பார்க்கிறேன்.
தொடுவதில்லை.

பேருந்துக்கு நேரமாகிறது.