பெடல் எங்கை நிக்குது

கச்சான் வித்த காசில் பாதி அது.
புது மாஸ்டர் சிலிண்டர்.
துவாயில் சுத்தித் தோளோட அணைச்சுக்கொண்டு
வவுனியாவில பஸ் ஏறினன்.
பிள்ளையெண்டு நினைச்சு
எழும்பி இடம் தந்தான் ஒரு பெடியன்.
நானும் மறுக்கேல்லை,
மாங்குளம் மட்டும் இருந்துகொண்டு வந்தன்.

பழசைக் கழட்டிப் புதுசைப் பூட்டிப்போட்டு
"ஏறி மிதி" எண்டார் புவிராசன்.
மிதிச்சன்.
கால் போச்சு, அடிமட்டும் போச்சு,
வரம்பெண்டு நம்பிச் சேத்துக்குள்ள வைச்ச மாதிரி.

"காத்து" எண்டார்.
புது வீட்டில எங்களுக்கு முன்னம்
பல்லி குடியிருக்கிற மாதிரித்தானாம் அது.

தூரத்துச் சில்லில தொடங்கவேணும்:
பின்பக்கம், இடது.
யக்கை நம்பாமல் மரக்குத்தியும் வைச்சு
வானுக்குக் கீழை சரிஞ்சு படுத்தார்.
வலதுகாலைக் கழட்டி
மதிலில சாத்தியிருந்தார், சப்பாத்தோட.
நிப்பிளில சேலைன் ரியூப்,
மற்ற நுனி சோடாப் போத்தலுக்குள்ள.

"மிதி."
"மிதிச்சன்."
"இன்னும் ரெண்டுதரம். பிடி."
"பிடிச்சிருக்கிறன்."
பத்தாம் நம்பர் சாவி கால்வாசி திரும்பும்.
என்ர காலுக்குக் கீழை ஏதோ மனமிளகிப் போகும்.
"விடாதை, விட்டால் காத்தை உறிஞ்சும்…
இப்ப விடு."

லைசன்ஸ் என்ர பேரில் வந்த நாள் தொட்டு
இவ்வளவு கதைச்சதில்லை நாங்கள்.
முந்தி லொறி ஓடின மனிசன்.
சாப்பாடு வைச்சால் சாப்பிடுவார்,
வானைப் பற்றிக் கேட்டால்
வேலிக்கு வெளியில பாப்பார்.

போத்தலுக்குள்ள குமிழி வருதாம்.
சோறு கொதிக்கிற மாதிரி முதல்,
பிறகு ஒண்டு, பிறகு நிண்டு ஒண்டு.
சந்தோசத்தில
பஸ்ஸில நடந்ததைச் சொல்லத் தொடங்கினன்.
மிதிச்சு மிதிச்சுச் சொன்னன்.
அவர் கீழையிருந்து சிரிச்சார்,
வான் குலுங்கினது அதாலையோ தெரியாது.

"டாங்கியில ஒயில் எவ்வளவு நிக்குது?"

அதைப் பாக்கிறதுதான் என்ர வேலை.
மூடியைத் திறந்தன்.
அடி வெள்ளையாய்த் தெரிஞ்சுது.

திரும்பவும் முழுக்கக் காத்து,
திரும்பவும் பின்பக்கம், இடது.
ஏசுவார் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.
கனநேரம் ஒண்டுமில்லை. பிறகு,
"அந்தப் பெடியன்
பிள்ளைக்கு என்ன பேரெண்டு கேக்கேல்லையோ?"

நாலு சில்லும் முடிய வெயில் சரிஞ்சிட்டுது.
"பெடல் எங்கை நிக்குது?"
"பாதிக்கு மேலை."
"பஞ்சோ, சுவரோ?"
யோசிச்சன். "ஈரச் சுவர்."
அவருக்கு அது காணாது.
காலைப் பூட்டிக்கொண்டு வந்து
என்னை இறக்கிவிட்டு ஏறினார்.
ஒருக்கா மிதிச்சார். ரெண்டாந்தரம்
கண்ணை மூடிக்கொண்டு மிதிச்சார்.

"முட்டுது" எண்டார்.
"முட்டுறது விளங்குது.
எப்பிடி முட்டுது எண்டு
இந்தக் கால் சொல்லாது."
ஸ்ரேறிங்கைப் பிடிச்சபடி கொஞ்சம் இருந்தார்.
பிறகு இறங்கி
கதவை எனக்காகத் திறந்து பிடிச்சார்,
முந்தி ஒருநாளும் செய்யாத வேலை.
"நீ சொல்லு. சுவராகுமட்டும் அடிப்பம்."

இன்னொரு அரைப் போத்தல் ஒயில் போச்சு.
மட்காட்டில சிந்தினது பெயின்ரைத் தின்னுமெண்டு
நான்தான் தண்ணி ஊத்தினன்.

மைமலுக்குள்ள வவுனிக்குளத்துக் கட்டால வந்தம்.
பக்கத்து சீற்றில அவர்.
வளைவு திரும்ப
தண்ணி சொட்டச் சொட்ட ஏறி வந்து
றோட்டை நிரப்பி நிண்டுது எருமைக் கூட்டம்.
மிதிச்சன்.
நாலு விரல் இறங்கினது பெடல்,
அதுக்குமேல இறங்கேல்லை. வான் நிண்டுது.

குனிஞ்சு பாத்தன்.
அவற்ற ரெண்டு காலும்
பெடல் இல்லாத பக்கத்துத் தகரத்தை
அமத்திப் பிடிச்சபடி.

"விடலாம்" எண்டன்.

லைற் வெளிச்சத்தில ஒரு எருமை
அசையாமல் எங்களைப் பாத்து அசைபோட்டுது.
"முன் வலதில இன்னும் கொஞ்சம் இருக்குமெண்டு நினைக்கிறன்,"
எண்டார் அவர்,
"நாளைக்கு ஒருக்கா மிதிச்சுத் தாறியே?"