இடது: பேலன்ஸ்

மருதானையில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேலே
இரண்டாம் மாடி. ஜன்னல் இல்லை.
கொழும்பின் முகங்கள் இங்கே வருவதில்லை.
நீலத் தட்டில் ஒரு பிரேம், ஒரு துண்டு,
சுற்றி ஒரு றப்பர் வளையம்.

வலது மைனஸ் இரண்டேகால். சிலிண்டர் முக்கால்.
அச்சு நூற்றெழுபது பாகை.
கண்மணிக்கும் கண்மணிக்கும் இடையே
அறுபத்துமூன்று மில்லிமீற்றர்.
இவ்வளவுதான் எனக்கு ஒரு மனுசி.
அவள் வங்கியில் இருக்கிறாளா
பிஞ்சு மிளகாய் விற்கிறாளா என்பதை
பழைய பிரேமின் காதுப் பக்கத்தில் ஒட்டிய
தலைமுடிச் சாயம் சொன்னால் உண்டு.

சாணை சுற்றும். தண்ணீர் பாலாய் ஓடும்.
ஒரு நாளைக்கு எண்பது சோடி.
பின்னேரம் என் புருவத்தில் வெள்ளை மா.
155இல் பக்கத்துச் சீற்றுக்காரி
பேக்கரியிலா வேலை என்று கேட்டாள்.
ஓம் என்றுவிட்டேன். இப்போது தினமும்
பாண் விலை ஏன் கூடிற்று என்று
என்னிடம்தான் கேட்கிறாள்.

ஒரு திங்கட்கிழமை
ஜே. குரூஸ், முகத்துவாரம்.
வலது மைனஸ் ஏழரை.
இடதுக்கு நேரே எண் இல்லை.
பேலன்ஸ் என்று எழுதியிருந்தது.

பார்வை இல்லாத கண்ணுக்கு அப்படித்தான் எழுதுவார்கள்.
லென்ஸ் அங்கே ஒன்றும் செய்ய வேண்டாம்.
மூக்கில் பாரம் ஒரு பக்கம் சாயாமல்,
எதிரே நிற்பவருக்கு இரண்டு கண்ணும்
ஒரே அளவில் சிறுத்துத் தெரிந்தால் போதும்.
"ஏதாவது எடுத்துப் போடு" என்றார் நிஸ்தார்,
"கழிவுப் பெட்டியில கிடக்கும்."

கிடந்தது. மைனஸ் ஏழேகால், வெட்டாத வட்டம்.
மெருகேற்றும்போது விழுந்த ஒரு கீறல்,
மயிரளவு.
தெரியாத கண்ணுக்குத் தெரியாத கீறல்.
கணக்கு நேராய்த்தான் இருந்தது.
வெட்டினேன். பூட்டினேன். திருகாணி இறுக்கினேன்.
அன்றைய எண்பதில் அது முப்பத்தொன்று.

ஒன்பதாம் நாள் தட்டு திரும்பி வந்தது.
கடைப் பெடியனின் கோணல் எழுத்து:
இடது கிளாசில் கீறல். மாற்றவும். ஆள் கோபம்.

ரிஸ்மி சிரித்தான்.
சுனேத்ராவுக்குச் சிங்களத்தில் சொல்லி
இன்னொரு தரம் சிரித்தான்.
நானும்தான்.
எந்தக் கண்ணால பார்த்தவராம்?

கேட்ட பிறகுதான்
பிளேன்ரீ ஆடை கட்டி ஆறிக்கொண்டிருக்க
விடை வந்தது. வேறு எந்தக் கண்ணால்.
கழற்றியிருக்கிறார். பெனியன் நுனியால்
வலதை ஒரு தரம், இடதை ஒரு தரம்
துடைத்திருக்கிறார்.
இடதைத் தூக்கி வலதுக்கு முன்னால் பிடித்து
கடலையோ, குழாய் விளக்கையோ
பார்த்திருக்கிறார்.
காசு கொடுத்தது இரண்டுக்கும்.

பிழைப் புத்தகத்தில் நாலு கட்டம்:
டாக்குத்தர். மெசின். கரண்ட். மற்றவை.
கரண்ட் வெட்டிய மாதங்களில்
எங்கள் கை நடுங்கியதெல்லாம்
கரண்டின் தலையில்தான் ஏறியது.
மற்றவையில் என் இலக்கம் பதினாலைப் போட்டேன்.
சம்பளத்தில் அறுநூறு போகும்.
போகட்டும் என்று சொல்ல மாட்டேன்.
அறுநூறு, அறுநூறுதான்.

புது வட்டம். மைனஸ் ஏழரை, சரியாக.
யாரும் கேட்காத ஏழரை.
மையம் குறிக்கப் போனால், எந்த மையம்?
அந்தக் கண்மணி எங்கே இருக்கிறதென்று துண்டில் இல்லை.
வலதுக்கு முப்பத்திரண்டு.
இடதுக்கும் முப்பத்திரண்டு வைத்தேன்,
ஒரு காலம் அதுவும் நேரே பார்த்திருக்கும் என்று.

விளக்குக்குக் கீழே திருப்பினேன்.
இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.
"இன்னுமா?" என்றார் நிஸ்தார்.
இன்னும்.
துடைத்துக் கை நீட்டி
அவர் பிடித்திருக்கக்கூடிய மாதிரிப் பிடித்தேன்:
இடது லென்ஸ், என் வலது கண்ணுக்கு முன்னால்.

அதற்குள்ளே ரிஸ்மி,
விரல் நகத்தளவு, மிகத் தூரத்தில்,
ஒரு கீறலும் இல்லாமல்
இஞ்சி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.